பெரியவன் செய்தால் பிளானிங், நாம் செய்தால் திருட்டா?

வாசகர் கேள்வி – 14 ஜூன் 2025

சொந்த வீட்டில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். வீடு அப்பா பேரில். சம்பளத்தில் எச்.ஆர்.ஏ., அதாவது வீட்டு வாடகைப்படி, வருகிறது. அப்பா கையெழுத்துப் போட்ட வாடகை ரசீதை வரிக் கழிவுக்காக ஆபீசில் கொடுக்கலாமா என்று ஆடிட்டரைக் கேட்டால் "ஏமாத்து வேலை, மாட்டுவீங்க" என்கிறார். மொரிஷியஸ் என்ற குறைந்த வரித் தீவு வழியாகக் கோடிகளைக் கொண்டுவருகிறவனைப் பற்றிக் கேட்டால் "அது டாக்ஸ் பிளானிங்" என்கிறார். எனக்குத் தோன்றுவது: ரெண்டும் ஒண்ணுதான். வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இருந்தால் பிளானிங், இல்லாவிட்டால் திருட்டு. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

14 ஜூன், இரவு

ஒண்ணு இல்லை. உங்கள் கேள்வியில் ரசீது இருக்கிறது, வாடகை இல்லை. அப்பாவுக்கு மாதாமாதம் பணம் போகிறதா? போனால் சட்டப்படி சரி. போகவில்லை என்றால் அந்த ரசீது பொய். மொரிஷியஸை அப்புறம் பார்ப்போம்.

15 ஜூன்

நேற்று வேகத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். பலர் தனியாகக் கேட்டதால் விவரமாக.

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வருடக்கணக்கில் குப்பை கொட்டியவன் நான். மார்ச் மாதம் வந்தால் எங்கள் மேஜையில் வாடகை ரசீதுகள் குவியும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு ரசீதும் ஒரே பேனா, ஒரே மை, கையெழுத்து ஒரே சாய்வு. ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் பன்னிரண்டும் ஒரே தாளில் கிழித்தது, ஓரப் பல் ஒன்றோடொன்று பொருந்தும். நிஜமாக வாடகை கொடுப்பவர் கொண்டுவரும் ரசீதில் நடுவில் இரண்டு மாதம் காணாமல் போயிருக்கும், ஒன்றில் டீக்கறை இருக்கும். அப்பா கையெழுத்து, அம்மாவின் பான் எண் என்று ஒருவர் கொண்டுவந்தார். "ஏனுங்க, வீடு யாரு பேர்ல?" என்றேன். "ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்களே" என்றார்.

பெற்றோருக்கு வாடகை கொடுப்பதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. வீடு அவர்கள் பேரில் இருக்க வேண்டும், பணம் போக வேண்டும், அவர்கள் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அவர்கள் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். மாதம் 50,000-க்கு மேல் போனால் நீங்களே டி.டி.எஸ். (கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும், அந்த அளவுக்கு நம்மில் யார் வாடகை கொடுக்கிறோம் என்பது வேறு விஷயம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 60,000. அப்பாவுக்கு வாடகை 15,000, வருடத்துக்கு 1,80,000. அதில் சம்பளத்தின் 10 சதவீதமான 72,000-ஐக் கழித்தால் 1,08,000. உங்களுக்கு வரும் எச்.ஆர்.ஏ. அதற்கு மேல் இருந்தால் இந்த 1,08,000-க்கு வரி கிடையாது. 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ் (வரியின் மேல் வசூலிக்கும் கூடுதல்) சேர்த்து 22,464 ரூபாய் மிச்சம். அப்பா பக்கம் 1,80,000-ல் 30 சதவீதம் நிலையான கழிவு போக 1,26,000 வருமானம். வேறு பெரிய வருமானம் இல்லாத பெரியவர் என்றால் அவருக்கும் வரி வராது. குடும்பத்துக்கு நிஜமாகவே லாபம். இப்படிச் செய்தால் ஒரு அதிகாரியும் வாய் திறக்க முடியாது.

இதையே பணம் போகாமல் செய்தால் தப்பான தகவல் கொடுத்ததற்கு 270ஏ பிரிவில் வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம். அதாவது 44,928. வரியும் வட்டியும் தனி.

2017-ல் மும்பை வருமான வரித் தீர்ப்பாயத்துக்கு இதே மாதிரி ஒரு வழக்கு போனது. அம்மாவுக்கு வாடகை, எல்லாம் ரொக்கம். ஒப்பந்தம் இல்லை, வங்கியில் தடயம் இல்லை. கழிவு செல்லாது என்றார்கள். உறவு பிரச்சினை இல்லை, ஆதாரம்தான் பிரச்சினை.

இன்னொன்று. பெரும்பாலான கழிவுகளை விட்டுக் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு எச்.ஆர்.ஏ. கழிவே இல்லை. அது தெரியாமல் ரசீது எழுதிக் கை வலித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

17 ஜூன்

"அப்பா அக்கவுண்டுக்கு ஜிபேயில் போட்டுவிட்டு அவர் ஏ.டி.எம். கார்டை நான் வைத்துக்கொண்டால்?" என்று கரூரிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். பலே.

அப்பா தன் பணத்தில் வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்குவது அவர் இஷ்டம். பேரனுக்கு ஃபீஸ் கட்டினாலும் அவர் இஷ்டம். ஆனால் ஐந்தாம் தேதி போன 15,000 ஆறாம் தேதி உங்கள் கைக்கே வந்துவிட்டால் அங்கே வாடகை என்று ஒன்று நடக்கவே இல்லை. கறுப்புப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி முதலீடு என்ற பேரில் திரும்பக் கொண்டுவருகிறவன் செய்வதும் அச்சு அசல் இதுதான். நீங்கள் விமான டிக்கெட் இல்லாமல் செய்கிறீர்கள்.

திட்டமிடலுக்கும் ஏய்ப்புக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோட்டை நீதிமன்றங்களே நகர்த்திக்கொண்டுதான் வந்திருக்கின்றன. 1935-ல் இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு வழக்கு. தோட்டக்காரர் உள்ளிட்ட வேலையாட்களுக்குக் கொடுக்கும் பணத்தைச் சம்பளம் என்று காட்டினால் வரியில் கழிக்க முடியாது. ஆகவே வருடாந்திரத் தொகை தருவதாகப் பத்திரம் எழுதினார். தோட்டக்காரர் வழக்கம்போல் களை பிடுங்கினார். பிரபுக்கு வரி குறைந்தது. பத்திரம் உண்மையானது என்பதால் செல்லும் என்றது அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை.

நம் ஊரில் 1985-ல் மெக்டவல் வழக்கு. ஆந்திரத்தில் மது தயாரித்த நிறுவனம். கலால் வரியை வாங்குகிறவர்களே நேராகக் கட்டிவிடுவார்கள், ஆகவே அது எங்கள் விற்பனைத் தொகையில் சேராது, அதற்கு விற்பனை வரியும் கிடையாது என்றது. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. வரித் திட்டமிடல் சட்டத்துக்கு உட்பட்டு இருந்தால் சரி, ஏமாற்றுச் சாயம் பூசிய ஏற்பாடு திட்டமிடலில் சேராது என்றது. நீதிபதி சின்னப்ப ரெட்டி தனியாக எழுதி, வெஸ்ட்மின்ஸ்டர் காலத்துக் கொள்கையைத் தலைமுழுக வேண்டும் என்கிற அளவுக்குப் போனார். 2003-ல் மொரிஷியஸ் வரி ஒப்பந்தம் பற்றிய வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், எல்லாத் திட்டமிடலையும் மெக்டவல் தீர்ப்பு தடுக்கவில்லை என்று விளக்கம் சொல்லிப் பின்வாங்கியது.

21 ஜூன்

வாடகை ரசீதிலேயே நிற்கிறோம். உண்மையான விஷயம் நிலம்.

சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். பத்திரம் எழுதுகிறவர் முதலில் கேட்பது "கைடுலைன் எவ்வளவு?" விலை எவ்வளவு என்று கேட்கமாட்டார். பேசிய விலை 90 லட்சம், கைடுலைன் எனப்படும் அரசு வழிகாட்டி மதிப்பு 40 லட்சம் என்றால் பத்திரத்தில் 40. மீதி 50 லட்சம் காலையிலேயே ஒரு வீட்டின் உள் அறையில் கைமாறியிருக்கும். நான் ஒருமுறை சாட்சிக் கையெழுத்துக்குப் போயிருக்கிறேன். நோட்டு எண்ணும் மெஷினைத் துண்டு போட்டு மூடி எடுத்துவந்தார்கள். அம்மிணி காபி கொண்டுவந்தபோது எல்லோரும் பேச்சை நிறுத்தி ஜன்னலைப் பார்த்தோம். அங்கே யாரும் தன்னைக் குற்றவாளி என்று நினைக்கவில்லை. "ஊரு வழக்கமுங்க" என்றார் வாங்கியவர்.

கணக்கு என்னவென்றால், வாங்கியவருக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம், ஆக 50 லட்சத்துக்கு நாலரை லட்சம் மிச்சம். விற்றவருக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் என்று வைத்தால் 6.25 லட்சம் மிச்சம், செஸ் தனி. இதற்காக எதைப் பணயம் வைக்கிறார் தெரியுமா? அசையாச் சொத்துக்கு 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கம் வாங்கினாலே 269எஸ்எஸ் பிரிவு பாயும். அபராதம் வாங்கிய தொகை முழுக்க. 50 லட்சத்துக்கு 50 லட்சம்.

எனக்கு எரிச்சல் வரும் இடம் இதுதான். அந்த 6.25 லட்சத்தை நேர்வழியிலேயே இல்லாமல் செய்யலாம். அரசு நிறுவனங்கள் வெளியிடும் 54இசி கடன் பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை போட்டால் அந்த அளவு ஆதாயத்துக்கு வரி இல்லை. ஐந்து வருடம் எடுக்க முடியாது, வட்டி குறைவு, அவ்வளவுதான். வீட்டை விற்று இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ 54-ஆம் பிரிவு இருக்கிறது. அத்தனை வழியையும் விட்டுவிட்டு மெஷினைத் துண்டு போட்டு மூடுவோம்.

வாங்கியவர் பாடு இன்னும் மோசம். பத்து வருடம் கழித்து விற்கும்போது அவர் வாங்கிய விலை 40 லட்சம்தான் என்று கணக்கு நிற்கும். அந்த 50 லட்சத்துக்கும் சேர்த்து அவர் தலையில் ஆதாய வரி. அதைத் தவிர்க்க அவரும் ரொக்கம் கேட்பார். சங்கிலி இப்படித்தான் நீள்கிறது.

22 ஜூன்

"முழுக்க வெள்ளையில் வாங்க ஆள் கிடைக்குமா?" கிடைப்பார். வங்கிக் கடன் வாங்கி வீடு தேடும் சம்பளக்காரர். அவரை விற்கிறவருக்குப் பிடிக்காது.

29 ஜூன்

மொரிஷியஸை நான் வசதியாக மறந்துவிட்டதாக முதலில் கேட்டவர் மடக்கியிருக்கிறார். வருகிறேன்.

வோடஃபோனை எடுத்துக்கொள்ளலாம். 2007-ல் ஹட்சிசன் தன் இந்தியத் தொலைபேசித் தொழிலில் 67 சதவீதத்தை வோடஃபோனுக்குக் கைமாற்றியது, சுமார் 1,100 கோடி டாலர். இந்தியாவில் ஒரு பங்கும் விற்கப்படவில்லை. கேமன் தீவில் இருந்த ஒரு நிறுவனத்தின் ஒரே ஒரு பங்கு விற்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் கீழே மொரிஷியஸ் கம்பெனிகள் வழியாக அடுக்கடுக்காகப் போனால் கடைசியில் இந்தியக் கம்பெனி. வரித்துறை சுமார் 11,000 கோடி கேட்டது. 2012 ஜனவரி 20-ல் உச்ச நீதிமன்றம் வோடஃபோன் பக்கம் தீர்ப்பு சொன்னது. அதே வருட பட்ஜெட்டில் பின்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். சர்வதேசத் தீர்ப்பாயம்வரை போய் 2020-ல் இந்தியா தோற்றது. 2021 ஆகஸ்டில் பின்தேதி வரியைக் கைவிட்டார்கள்.

இதில் யாரும் ஏன் ஜெயிலுக்குப் போகவில்லை? பணக்காரன் என்பதாலா? ஓரளவு. ஆனால் முதல் காரணம், யாரும் எதையும் மறைக்கவில்லை. விற்பனை பத்திரிகையில் வந்தது, அரசிடம் அனுமதி கேட்டார்கள், எந்தத் தீவில் எந்தக் கம்பெனி என்பது கோப்பில் இருந்தது. என்ன நடந்தது என்பதில் தகராறு இல்லை, நடந்ததற்கு வரி உண்டா என்பதில்தான் தகராறு. ரசீது விஷயத்தில் சட்டத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. நடந்ததாகச் சொன்னது நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கோடு இங்கேதான் என்று இதுவரை நினைத்திருந்தேன். இதை எழுதும்போதே உறுத்துகிறது. எல்லாம் உண்மை, எல்லாம் வெளிப்படை, ஆனால் வரியைக் குறைப்பதைத் தவிர அந்த ஏற்பாட்டுக்கு வேறு வேலையே இல்லை என்றால்? அதற்குத்தான் 2017 ஏப்ரல் 1 முதல் வரித் தவிர்ப்புத் தடுப்புப் பொதுவிதிகள், ஆங்கிலச் சுருக்கமாகத் துறையில் சொல்வது 'கார்' (GAAR). அதில் சிக்கினால் அந்த ஏற்பாடே இல்லாததுபோல் வைத்து வரி போடுவார்கள். அதோடு சரி, கைவிலங்கு கிடையாது. வரிச் சலுகை வருடத்துக்கு 3 கோடியைத் தாண்டினால்தான் அந்த விதியே எட்டிப் பார்க்கும்.

ஆகக் கேட்டவர் சொன்னதில் பாதி நியாயம். சரிக்கும் குற்றத்துக்கும் நடுவே, தோற்றால் வரியும் வட்டியும் அபராதமும் கட்டிவிட்டு நகரலாம் என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே போய் நிற்க ஆலோசகர் வேண்டும், வெளிநாட்டுக் கம்பெனி வேண்டும். மாதச் சம்பளக்காரனுக்கு அந்த இடத்தில் என்ன வேலை? அவன் கைக்கு எட்டுவது ரசீதுப் புத்தகம்தான்.

3 ஜூலை

மனைவி பேரில் எஃப்.டி. போட்டால் என்று நிறைய கேள்விகள். மனைவிக்குக் கொடுத்த பணத்துக்கு வரி இல்லை. அதில் வரும் வட்டி உங்கள் வருமானத்தில்தான் சேரும், 64-ஆம் பிரிவு. 18 வயது ஆகாத பிள்ளை பேரில் போட்டாலும் பெற்றோரில் யார் வருமானம் அதிகமோ அவர் கணக்கில். 18 தாண்டிய மகனுக்கோ மகளுக்கோ பெற்றோருக்கோ கொடுத்தால் அவர்கள் கணக்கு. இந்தத் தந்திரத்தை நமக்கு முன்னாலேயே யாரோ யோசித்து, சட்டம் போட்டவனும் யோசித்து அடைத்துவிட்டான்.

தெரியாமல் விட்டவரும் குற்றவாளியா? இல்லை. 276சி பிரிவில் வேண்டுமென்றே ஏய்க்க முயன்றிருக்க வேண்டும். ஏய்க்கப் பார்த்த வரி 25 லட்சத்தைத் தாண்டினால் ஆறு மாதம் முதல் ஏழு வருடம் வரை கடுங்காவல். அதற்குக் கீழே மூன்று மாதம் முதல் இரண்டு வருடம். 25 லட்சத்துக்குள் என்றால் உயரதிகாரிகள் குழுவின் அனுமதி இல்லாமல் வழக்கு போடக் கூடாது என்று 2019-ல் சுற்றறிக்கை வந்தது. ஆகவே ரசீதுக்காக நாளைக்கே விலங்கோடு வருவார்கள் என்று பயப்பட வேண்டாம். நோட்டீஸ் வரும், அதுவே போதும், தூக்கம் போய்விடும்.

15 ஜூலை

நேற்று நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை. பொய்க் கழிவு போட்டு ரீஃபண்ட் வாங்கித் தரும் ஏஜெண்டுகள்தான் குறி. தமிழ்நாடும் பட்டியலில் உண்டு. கடந்த நான்கு மாதத்தில் சுமார் 40,000 பேர் ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவைத் திரும்பப் பெற்றதாகத் துறை சொல்கிறது.

இந்த வியாபாரம் நடக்கும் விதம் எனக்குப் பழக்கம். பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமிலோ போலீஸ் குடியிருப்பிலோ முதலில் ஒருவருக்கு 60,000 ரீஃபண்ட் வரும். அடுத்த மாதம் மொத்தப் பேரும் அந்த ஏஜெண்டிடம். 80ஜிஜிசி பிரிவில் அரசியல் கட்சிக்கு நன்கொடை, கட்சி பேரைக் கொடுத்தவரே கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஒருவரிடம் கேட்டேன், "அந்தக் கட்சி சின்னம் என்னங்க?" சிரித்துவிட்டார்.

16 ஜூலை

"ஏஜெண்ட் செய்தது, எனக்குத் தெரியாது." ரிட்டர்னை உறுதி செய்ய வந்த ஓ.டி.பி.யைப் படித்துச் சொன்னது யார்? கமிஷன் கொடுத்தது எந்தப் பணத்திலிருந்து?

2 ஆகஸ்ட்

கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டது என்னைக் கொஞ்ச நாள் குடைந்தது. சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவில், விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். நிஜ லாபம் 15 சதவீதம் என்றால் 8 காட்டுவது ஏய்ப்பா?

நடந்தது நடந்தபடியா என்ற என் அளவுகோல் இங்கே தடுமாறுகிறது. நடந்ததைச் சொல்லச் சட்டமே கட்டாயப்படுத்தவில்லை. பிரிவின் வாசகம் 8 சதவீதம், "அல்லது" வரிசெலுத்துவோர் ஈட்டியதாகச் சொல்லும் அதைவிட அதிகத் தொகை என்று போகிறது. துறைக்காரர்கள் பின்பாதியைப் பிடித்துக்கொள்வார்கள், ஆடிட்டர்கள் முன்பாதியை. என் கருத்து: விற்பனையை முழுசாகக் காட்டிவிட்டு 8 போடுகிறவரை ஏய்ப்பவர் என்று சொல்லமாட்டேன். விற்பனையிலேயே பாதியைத் துண்டுச்சீட்டில் ஓட்டிவிட்டு மீதிக்கு 8 போடுகிறவர் வேறு ஜாதி.

விவசாய வருமானமும் இதே ரகம். வரி இல்லை என்பதால் ஊரில் இருக்கும் இரண்டு ஏக்கரில் வருடம் 30 லட்சம் விளைந்ததாக எழுதுவார்கள். நிலம் உண்மை, பட்டா உண்மை. ஆனால் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் அந்த வருடம் "தரிசு" என்று எழுதியிருப்பார். மண்டிக்கு லோடு போன சீட்டு கிடையாது. காட்டைப் பார்க்காமலே அதிகாரி கேள்வியை எழுதிவிடுவார்.

24 ஆகஸ்ட்

மேலே நான் எழுதிய பிரிவு எண்களை மனப்பாடம் செய்துவிடாதீர்கள். புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 21-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்துவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் அமல், 536 பிரிவுகள். 64, 276சி எல்லாம் வேறு எண்ணுக்குப் போய்விடும். பழைய வருடங்களுக்குப் பழைய சட்டம்தான். மனைவி எஃப்.டி. வட்டி புதுச் சட்டத்திலும் உங்கள் தலையில்தான்.

9 செப்டம்பர்

ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். 2023-24 வருமானத்துக்கு ஏஜெண்ட் மூலம் கட்சி நன்கொடைக் கழிவு போட்டிருக்கிறார், நோட்டீஸ் இன்னும் வரவில்லை, என்ன செய்வது என்று கேட்கிறார்.

அம்மா, நோட்டீஸ் வருவதற்குள் ஐ.டி.ஆர்.-யூ, அதாவது கெடு முடிந்த பிறகு திருத்திப் போடும் ரிட்டர்ன், போடுங்கள். அந்த வருடத்துக்கு 2026 மார்ச் 31-க்குள் போட்டால் வரி, வட்டி, அவற்றின் மேல் 25 சதவீதம் கூடுதல். அதைத் தாண்டினால் 50 சதவீதம், பிறகு 60, 70 என்று ஏறும். 2025 முதல் நான்கு வருடம் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் துறை மதிப்பீட்டுக்கு எடுத்துவிட்டால் இந்த வழி மூடிவிடும். 2024-25-க்கும் அதே ஏஜெண்ட் போட்டிருந்தால் அதற்கு ஐ.டி.ஆர்.-யூ வேண்டாம், 2025 டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன் போதும், கூடுதல் வரி இல்லை. பாஸ்வேர்டு ஏஜெண்டிடம் இருக்கிறது என்கிறீர்கள். முதலில் அதை மாற்றுங்கள். போர்ட்டலில் உங்கள் மொபைல் எண்ணும் மெயிலும்தான் இருக்கிறதா என்று பாருங்கள், பலருக்கு அவன் மெயில்தான் இருக்கும், நோட்டீஸ் வந்தாலும் அங்கேதான் போயிருக்கும்.